மகனுக்காகச் சொன்ன பொய்: திருத்திக்கொள்ள வழி இருக்கிறதா?

பெயரும் ஊரும் வெளியில் வரக் கூடாது என்ற வேண்டுகோளுடன் 46 வயதுத் தந்தை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருக்கிறார். ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு மாலை, 17 வயதும் நான்கு மாதமும் ஆன அவருடைய மகன், அப்பாவின் பெயரில் உள்ள ஸ்கூட்டரில் வகுப்புத் தோழனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டியூஷனுக்குப் போகும் வழியில், சாலையோரமாக நடந்து சென்ற 56 வயதுக்காரர் ஒருவர் மீது மோதிவிட்டான். அவருக்குக் கால் எலும்பு முறிந்து, பிளேட் வைத்து அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. செய்தி கேட்டு அலுவலகத்திலிருந்து ஓடிவந்த தந்தை, காவல் நிலையத்தில் "வண்டியை ஓட்டியது நான்தான்" என்று சொல்லித் தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். "உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, ஃபைனோடு முடிந்துவிடும்" என்று பக்கத்தில் நின்றவர் யாரோ சொன்னது, அந்த நேரத்தில் தெய்வ வாக்காகப் பட்டது என்று எழுதுகிறார். அவர் பெயரிலேயே முதல் தகவல் அறிக்கை பதிவாகி, அன்றிரவே ஸ்டேஷன் ஜாமீனில் வீடு திரும்பியிருக்கிறார்.

இப்போது ஒவ்வொன்றாக அவிழ்கிறது. காயமடைந்தவர் அரசு மருத்துவமனையில் சேர்ந்தபோது, பணியில் இருந்த மருத்துவரிடம் "சின்னப் பையன் ஒருத்தன் வண்டியில் வந்து இடித்துவிட்டான்" என்று சொல்ல, அது ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில்) அப்படியே பதிவாகியிருக்கிறது. விபத்து நடந்த இடத்துக்கு எதிரே மருந்துக் கடை ஒன்றில் கேமரா இருக்கிறது. விபத்து நேரம் 5.50, அலுவலகத்தை விட்டுப் புறப்பட வாசகர் வருகைப் பதிவுக் கருவியில் விரல் வைத்த நேரம் 6.10. இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய புலனாய்வாளர் ஒரு வாக்குமூலத் தாளை நீட்டிக் கையெழுத்து கேட்க, இவர் பத்து நாள் அவகாசம் வாங்கியிருக்கிறார். இதற்கிடையே பின்னால் உட்கார்ந்திருந்த பையனின் தந்தைக்கு, "யார் கேட்டாலும் அங்கிள்தான் ஓட்டினார் என்று தம்பியைச் சொல்லச் சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் போயிருக்கிறது. மைத்துனரோ, வண்டி அன்று திருடு போனதாக ஒரு புகார் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்.

"சத்தியம் செய்து சொல்லவில்லை, எதிலும் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை, பழியை என் தலையில்தானே போட்டுக்கொண்டேன், இதில் என்ன குற்றம்? உண்மையைச் சொன்னால் என் பையனின் எதிர்காலம் போய்விடாதா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த மாலையில் உங்கள் இடத்தில் இருந்த எந்தத் தகப்பனுக்கும் முதலில் வாயில் வரக்கூடிய சொல்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது; அதை வைத்து உங்களை எடைபோடுவது என் வேலை அல்ல. ஆனால் இரண்டு பட்டியல்களை நான் எழுதிப் பார்த்தேன். உங்கள் மகன் சந்திக்க வேண்டியிருந்த சட்ட விளைவுகள் ஒன்று, அவனைக் காப்பதாக எண்ணி நீங்கள் சொன்ன பொய்யால் நீங்கள் சந்திக்க நேரும் விளைவுகள் மற்றொன்று. இரண்டாவதுதான் நீளமாக இருக்கிறது. முதலாவது, நீங்கள் பயந்ததில் கால் பங்குகூட இல்லை. இந்தக் கணக்கை அன்றே யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்தை நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

"போலீசிடம் சொன்னது செல்லாது" என்ற நம்பிக்கை

இதை எங்கிருந்து கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவர் காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது உண்மை. பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவிலும் இருக்கிறது. புலன்விசாரணையில் காவல்துறை எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்திடத் தேவையில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டும் உங்களுக்கு உதவாது. ஏற்கெனவே நடந்த ஒரு குற்றத்தை நிரூபிக்க உங்கள் சொல்லைப் பயன்படுத்தலாமா என்பது வேறு கேள்வி. உங்கள் சொல்லே குற்றமாக இருப்பது வேறு விஷயம். பொய்த் தகவல் கொடுத்தல் என்ற குற்றத்தில், சொன்ன அந்த வாக்கியம்தான் செயல். அங்கே சத்தியப் பிரமாணமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், வாய்மொழியே போதும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பொய் என்று தெரிந்தே ஓர் அரசு ஊழியரிடம் தகவல் கொடுத்து, உண்மை தெரிந்திருந்தால் அவர் செய்திருக்கமாட்டாத ஒன்றை அவர் செய்யவோ, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடவோ காரணமாக இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவில் இது ஆறு மாதமும் 1,000 ரூபாயுமாக இருந்தது. புதிய சட்டம் உயர்த்தியிருக்கிறது. இந்தப் பிரிவு இன்னொருவருக்குக் கேடு செய்யச் சொல்லும் பொய்ப் புகாருக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது இப்பிரிவின் இரண்டாவது கிளை. முதல் கிளைக்கு யாருக்கும் கேடு நேர வேண்டியதில்லை. காவல் அதிகாரி தவறான ஆளைக் குற்றவாளியாக எழுதிக்கொண்டார், சரியான ஆளை விசாரிக்காமல் விட்டார் என்பதே போதும்.

இதோடு நிற்கவில்லை. குற்றம் ஒன்று நடந்திருப்பதை அறிந்துகொண்டே அதைப் பற்றிப் பொய்யான தகவல் கொடுப்பவருக்கு 240ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. குற்றம் செய்தவரைத் தண்டனையிலிருந்து மறைக்கும் நோக்கத்தோடு அப்படிச் சொன்னால் 238ஆம் பிரிவும் சேரும்; அதில் தண்டனையின் அளவு மூலக் குற்றத்தைப் பொறுத்தது. எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம் என்பதால், இங்கே மூலக் குற்றம் 125(பி), அதாவது அசட்டையான செயலால் கொடுங்காயம் விளைவித்தல்; அதிகபட்சம் மூன்றாண்டு. அதன் நாலில் ஒரு பங்கு, அதாவது ஒன்பது மாதம் வரை மறைத்தவருக்குச் சிறை விதிக்கலாம். "பெற்ற பிள்ளைக்காகச் சொன்னதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்குமே" என்று கேட்டிருந்தீர்கள். குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பதைப் பற்றிய பிரிவில் கணவன் அல்லது மனைவிக்கு அப்படி ஒரு விலக்கு உண்டு. தகப்பனுக்கு அங்கேயும் இல்லை. பொய்த் தகவலைப் பற்றிய பிரிவுகளில் யாருக்குமே இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். வாகனத்தை ஓட்டியவர் யார், அவருடைய முகவரி என்ன, உரிமம் உண்டா என்று அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால், உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அதன் 133ஆம் பிரிவு. நீங்கள் அன்று வெறும் தகப்பனாக மட்டும் அங்கே நிற்கவில்லை. வண்டியின் உரிமையாளராகவும் நின்றீர்கள்.

"என் மீதுதானே பழியைப் போட்டுக்கொண்டேன்" என்ற வாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலில் பிளேட்டோடு படுத்திருப்பவர் தன்னை இடித்தது சின்னப் பையன் என்கிறார். அரசின் ஆவணமோ 46 வயதுக்காரர் என்கிறது. நாளை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இந்த முரண்பாட்டைக் காட்டி, அவர்தான் பொய் சொல்கிறார் என்று ஒருவர் வாதிட முடியும். உங்கள் பொய்யின் சுமை அவர் தலையிலும் இறங்குகிறது.

மகனுக்கு உண்மையில் என்ன நேரும்

உங்கள் கடிதத்தில் அதிகமான பயமும் குறைவான தகவலும் இருக்கும் இடம் இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விபத்து நடந்த நாளில் 18 வயது நிறையாததால் உங்கள் மகனுக்குப் பொருந்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். நாளைக்கே அவனுக்கு 18 நிறைந்தாலும் இது மாறாது. குற்றம் நடந்த தேதியில் என்ன வயது என்பதே கணக்கு. அந்தச் சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டு வரை உள்ளவை சிறு குற்றங்கள். நியாய சன்ஹிதாவின் 125(பி)க்கும் மூன்றாண்டுதான், கண்மூடித்தனமாக ஓட்டியதற்கான அதன் 281க்கு ஆறு மாதம்தான். ஆக அவன் மீதான குற்றச்சாட்டு அந்தச் சட்டத்தின் கண்ணில் மிகக் கீழ்ப்படியில் இருக்கிறது. இத்தகைய குற்றங்களில் சிறுவன் மீது முதல் தகவல் அறிக்கை போடக் கூடாது, காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்து சமூகப் பின்னணி அறிக்கையுடன் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. லாக்கப்பில் வைக்க முடியாது. குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் குற்றவாளிக் கூண்டு அங்கே கிடையாது. முதன்முதலாக ஆஜரான நாளிலிருந்து நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அப்போதும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு அத்தோடு முடிவுக்கு வரும்.

குற்றம் செய்தான் என்றே குழுமம் முடிவுக்கு வந்தாலும், அறிவுரை சொல்லி அனுப்புவது, ஆலோசனை வகுப்பு, சமூக சேவை, பெற்றோர் கட்டும் அபராதம், நன்னடத்தை மேற்பார்வை என்பவையே பெரும்பாலும் நடைமுறையில் வருபவை. "அரசு வேலை கிடைக்காது, பாஸ்போர்ட் கிடைக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சட்டத்தின் கீழ் தீர்வு காணப்பட்ட சிறுவனுக்கு, குற்றத் தீர்ப்பால் வரும் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது என்று அதன் 24ஆம் பிரிவு சொல்கிறது. பதிவேடுகளும் மேல்முறையீட்டுக் காலம் போன பின் உரிய முறையில் அழிக்கப்பட வேண்டும். அவன் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடுவது 74ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது.

ஒன்று மட்டும் நிச்சயம் வலிக்கும், அதை மறைக்கமாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அவனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமமோ பழகுநர் உரிமமோ கிடைக்காது.

உங்கள் பெயரில் வருவது

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு, சிறுவர் வண்டி ஓட்டிச் செய்யும் வாகனச் சட்டக் குற்றத்துக்குப் பெற்றோரையும் உரிமையாளரையும் குற்றவாளியாகவே கருதுகிறது. மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. சம்மதத்தோடுதான் பையன் ஓட்டினான் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய அக்கறை முழுவதையும் எடுத்தேன் என்றோ நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

இந்த இடத்தில்தான் உங்கள் பொய் உங்களையே திருப்பி அடிக்கிறது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "வண்டியைத் தொடக் கூடாது என்று நான் கண்டித்திருக்கிறேன், சாவி கதவோரம் ஆணியில் தொங்கும், அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சட்டம் உங்களுக்குத் திறந்து வைத்திருக்கும் ஒரே கதவு. "நான்தான் ஓட்டினேன்" என்று சொன்ன கணத்தில் அந்தக் கதவை நீங்களே தாழிட்டுவிட்டீர்கள். நானே ஓட்டினேன் என்றவர் எனக்குத் தெரியாமல் மகன் எடுத்துப் போனான் என்று பின்னால் சொன்னால், இரண்டில் எதை நம்புவது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். அதே பக்கத்தில், இதற்கு முன் மூன்று நான்கு முறை அவன் டியூஷனுக்கு வண்டியில் போனது மனைவிக்குத் தெரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த வாதம் முழு வெற்றி தரும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆனாலும் உண்மையான, பலவீனமான வாதம் ஒன்று கையில் இருப்பது, பொய்யான பலமான வாதத்தைவிட மேல் என்பது இத்தனை ஆண்டு நீதிமன்றத்தில் நின்றதில் எனக்குப் பட்டது. கேமராவும் கைரேகைப் பதிவும் குறுக்கு விசாரணைக்கு வரும்போது பலமானது பொடிப்பொடியாகும். பலவீனமானது அப்படியே இருக்கும்.

இன்சூரன்ஸ் தாளில் கையெழுத்து

உடனடி ஆபத்து காவல் நிலையத்தில் இல்லை, அந்தத் தாளில்தான் இருக்கிறது. இதுவரை நீங்கள் சொன்னது பதற்றத்தில் வந்த ஒரு வாய்ச்சொல். ஐந்து வாரம் கழித்து, யோசிக்க அவகாசம் வாங்கி, எழுத்தில் அதையே சொல்லிக் கையெழுத்திட்டால் பதற்றம் என்ற விளக்கம் போய்விடும். ஓட்டுநருக்கு உரிமம் இல்லாததை மறைத்து, நிறுவனத்தின் பணத்தை வழங்க வைக்கும் முயற்சியாக அதைப் பார்த்தால், வஞ்சித்துப் பொருளைப் பெறுதல் என்ற நியாய சன்ஹிதாவின் 318(4)ஆம் பிரிவு வரை போகலாம். அங்கே ஏழாண்டு. விபத்து வழக்குகளில் ஓட்டுநர் படிவம், உரிமையாளர் படிவம் என்று தனித்தனியே காவல்துறைக்குப் பூர்த்தி செய்து தர வேண்டியவையும் உண்டு; ஒவ்வொன்றிலும் அதே பொய்யை எழுதினால் ஒவ்வொன்றும் ஒரு புதுப் பொய்.

அடுத்து தீர்ப்பாயம். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பொய்ச்சாட்சி சொல்வதும் நீதிமன்றத்தில் சொல்வதும் ஒன்றே. பொய்ச் சத்தியம் செய்து அங்கே வாக்குமூலம் கொடுத்தால் நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஓராண்டுப் பிரிவில் தொடங்கிய விஷயம் எவ்வளவு சாதாரணமாக ஏழாண்டுப் பிரிவுக்கு ஏறுகிறது பாருங்கள். நடுவில் நடப்பதெல்லாம் முதல் பொய்யோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் போடும் கையெழுத்துகள்தாம்.

"உண்மையைச் சொன்னால் அவருக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்காதே" என்ற உங்கள் கவலை பாதிதான் சரி. உரிமம் இல்லாதவர் ஓட்டியது பாலிசி நிபந்தனை மீறல் என்றாலும், மூன்றாம் நபருக்கு, அதாவது காயமடைந்தவருக்கு, நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற வழியை நீதிமன்றங்கள் பின்பற்றி வந்திருக்கின்றன; சுவரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் கொடுத்த தீர்ப்பு இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. நிபந்தனையை உரிமையாளர் தெரிந்தே மீறினாரா, அக்கறையோடு நடந்துகொண்டாரா என்பதையும் அந்தத் தீர்ப்பு முக்கியமாக்கியது. எனவே காயமடைந்தவர் பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்கமாட்டார். அந்தத் தொகை கடைசியில் உங்கள் தலையில் விழ வாய்ப்பு அதிகம், அது லட்சக்கணக்கிலும் இருக்கலாம். இது உண்மையைச் சொல்வதற்கான விலை; குறைத்துச் சொல்ல மனமில்லை. பொய் அம்பலமானாலும் அதே தொகை வரும், மேலே சொன்ன பிரிவுகளோடு சேர்ந்து வரும்.

காயமடைந்தவரின் குடும்பத்தோடு சமாதானமாகப் போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். அவர்களுக்கு உதவுவது நல்லது, செய்யுங்கள். ஆனால் பொய்த் தகவல் என்ற குற்றத்தில் பாதிக்கப்பட்டது பொது நீதி. அதை மன்னித்து ராஜியாகும் உரிமை அவர்களுக்கு இல்லை.

மைத்துனரின் யோசனை

சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். வண்டி திருடு போனதாகப் புகார் கொடுத்தால், "நான் ஓட்டினேன்" என்று நீங்கள் ஏற்கெனவே சொன்ன வண்டிதான் அது. ஒரே நாளில் ஒரே வண்டியை நீங்கள் ஓட்டவும் முடியாது, யாரோ திருடிப் போகவும் முடியாது. நடக்காத குற்றம் ஒன்றைப் புகாராகக் கொடுத்து, யார் மீதாவது சந்தேகம் என்றும் எழுதினால், கேடு செய்யும் நோக்கில் பொய்க் குற்றம் சாட்டுவதற்கான 248ஆம் பிரிவு வருகிறது. பழைய சட்டத்தில் இரண்டாண்டாக இருந்த அதன் தண்டனை இப்போது ஐந்தாண்டு வரை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு. நிரூபிக்க முடியாமல் போன புகாரும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல. "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்" (பொருண்மைப் பிழை) என்று காவல்துறை வழக்கை முடித்து, அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்துவிட்டது என்பதாலேயே புகார் கொடுத்தவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். பொய் என்று தெரிந்தே சொன்னார் என்பதை நிரூபித்தாக வேண்டும். உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் இந்தப் பிரிவுகளைக் கேட்டுப் பயந்து புகாரை விழுங்க வேண்டியதில்லை.)

இனி என்ன செய்யலாம்

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. சொன்னதையே பிடித்துக்கொண்டு போவது முதல் வழி. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துவிடலாம் என்று நீங்கள் கேட்டிருப்பது இதுதான். செய்யாத குற்றத்துக்கு உங்கள் பெயரில் தண்டனைப் பதிவு விழும், அதற்குப் பிறகும் இழப்பீட்டு வழக்கில் ஏ.ஆர். காப்பியும் கேமராப் பதிவும் காத்திருக்கும். இதை நான் பரிந்துரைக்க முடியாது.

இரண்டாவது, இனி வாயைத் திறக்காமல் இருப்பது. பொய் சொல்வதற்கும் பேசாமல் இருப்பதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20(3)ஆம் பிரிவு உறுதி தருகிறது. வழக்கறிஞரைப் பார்க்கும் வரை இந்த உரிமை உங்களுக்கு ஒரு குடை. ஆனால் அது புதிய பொய்களிலிருந்துதான் உங்களைக் காக்கும், சொல்லிவிட்ட பழையதை அழிக்காது.

மூன்றாவது, திருத்திக்கொள்வது, என் பரிந்துரை இதுவே. புலன்விசாரணை முடிந்து இறுதி அறிக்கை நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன், உங்கள் வழக்கறிஞர் மூலம், அவர் வரைந்த எழுத்துப்பூர்வமான மனுவாக உண்மையைப் புலன்விசாரணை அதிகாரியிடம் வைப்பது. தானாகவே திருத்திக்கொண்டவருக்கு மன்னிப்பு உண்டு என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. அப்படி எழுதியிருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடைமுறையில் உங்களுக்குச் சாதகமான விஷயம் வேறொன்று. 217ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் வழக்கை ஏற்க வேண்டுமானால், சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215ஆம் பிரிவு அப்படித்தான் வகுத்திருக்கிறது. முறையிடுவதா வேண்டாமா என்று அவர்கள் யோசிக்கும்போது, பிடிபட்ட பிறகு ஒப்புக்கொண்டவரையும் பிடிபடும் முன் தானே வந்து திருத்தியவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும் நீதிபதியும் பார்ப்பதில்லை.

ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் வழக்கு ஏற்கப்பட வேண்டும், அதுவரை தள்ளிப்போட்டால் தப்பிவிடலாமே என்று யாராவது உங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். 217க்கு அந்தக் கணக்கு சரி. 240க்கும் 199ஏவுக்கும் காலவரம்பு மூன்றாண்டு. தவிர, இடையில் கையெழுத்திடும் ஒவ்வொரு புதுத் தாளுக்கும் காலம் அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும்.

நீங்களாகக் காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வராதீர்கள். இன்னொரு குழப்பமான வாக்குமூலம்தான் மிஞ்சும். முதலில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து, எனக்கு எழுதியதைப் போலவே, மூன்றாம் பக்கத்தையும் விடாமல் அவரிடம் சொல்லுங்கள். நடந்து முடிந்ததைப் பற்றி நீங்கள் அவரிடம் சொல்வதை உங்கள் அனுமதியின்றி அவர் வெளியில் சொல்ல முடியாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இனி செய்யப்போகும் தவறுக்கு உதவி கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. "சொன்னதையே சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னால், அடுத்த வழக்கறிஞரைப் பாருங்கள். மகன் விஷயத்தில் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜராவதற்கான ஏற்பாட்டையும் அதே நாளில் பேசிவிடுங்கள். அவனுடைய பிறந்த தேதிச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், வண்டியின் பதிவுச் சான்று, பாலிசி, முதல் தகவல் அறிக்கையின் நகல், உங்கள் அலுவலக வருகைப் பதிவின் நகல் ஆகியவை கையில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் புலனாய்வாளரிடம், வழக்கறிஞரின் ஆலோசனைக்குப் பிறகு எழுத்தில் பதில் தருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். பத்து நாளில் நான்கு நாள் கடிதம் என்னிடம் வருவதற்குள்ளேயே போயிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக அந்த வாட்ஸ்அப் செய்தி. பின்னால் உட்கார்ந்திருந்த பையனும் சிறுவன், விபத்தை நேரில் பார்த்த சாட்சி. அவனைப் பொய் சொல்ல வைக்க முயன்றதாக அந்தச் செய்தியைப் படிக்க முடியும். அவனுடைய தந்தையை மறுபடி அழைத்து இதைப் பற்றிப் பேசாதீர்கள். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று அந்தப் பையனிடமோ உங்கள் மகனிடமோ இனி பாடம் நடத்தாதீர்கள். பயத்தில் அந்தச் செய்தியை அழிக்கத் தோன்றும், அழிக்காதீர்கள். உங்கள் கைபேசியில் அழித்தாலும் அவர் கைபேசியில் இருக்கும், அழித்த செயல் சாட்சியத்தை மறைத்ததாகத் தனியே ஒரு குற்றமாகும். கைபேசியை அப்படியே வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.